அறுபது நாள் தவணை

ஈரல் குலைக்கட்டி என்ற பெயரைக் கேட்டாலே தாய்மார்கள் நடுங்கிய காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. வயது முதிர்ந்த பாட்டிமார்கள் உள்ள வீடுகளில் இப்பொழுதும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்; அவர்கள் முகம் வாடுவதைக் காண்பீர்கள். தவழ்ந்தும் தளர்நடை நடந்தும் விளையாடிய குழந்தைக்குக் காரணமின்றிச் சிடுசிடுப்பு உண்டாகும். வயிறு உப்பும், கை கால்கள் சூம்பும், ஈரல் வீங்கிக் கல்லைப் போல் கெட்டிப்படும். கடைசியில் காமாலை காணும். அதற்குப் பிறகு சில வாரங்களோ, சில மாதங்களோதான். ஒரு குழந்தையைக் கொண்டுபோனதோடு நில்லாமல் அதே வீட்டில் அடுத்த குழந்தையையும் அது தேடி வருவதுண்டு. அந்நாளைய பத்திரிகைகளைப் புரட்டினால், இந்நோய்க்கான மருந்து விளம்பரங்களைப் பல பக்கங்களில் பார்க்கலாம். இத்தனை மருந்துகள் விற்பனையாயின என்பதிலிருந்தே, பெற்றோர்கள் எவ்வளவு தவித்திருப்பார்கள் என்பதை ஊகித்துக் கொள்ளலாமல்லவா?

இன்று அந்நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. குழந்தை வைத்தியம் பயிலும் இளம் டாக்டர்களில் அநேகர் அதைப் புத்தகத்தில் படித்தவர்களேயன்றிக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். எந்த மருந்துக் கடை விளம்பரமும் அதை விரட்டவில்லை. அதை விரட்டியது ஆராய்ச்சி. அதுவும் நம் தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பொறுமையுடன் நடந்த ஆராய்ச்சி. அந்த வரலாற்றில் ஒரு பாடம் அடங்கியிருக்கின்றது. ஈரலைப் பற்றிய வேறு சில அரிய நோய்களுடன் நம் வீடுகளில் இன்றும் குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களைக் காப்பதற்கு அந்தப் பாடமே வழிகாட்டி.

பித்தளைப் பாத்திரம்

கல்கத்தாவில் ஸென் என்ற டாக்டர் 1887-ம் வருஷத்தில் இந்நோயை விவரித்து எழுதினார். அதன்பின் சுமார் 90 வருஷ காலம் வைத்தியர்கள் இதன் காரணத்தைத் தேடினார்கள். கிருமியா, பரம்பரையா, சத்துக் குறைவா, தாயின் உணவில் ஏதேனும் தோஷமா என்று பலவாறு சந்தேகித்தார்கள். சென்னையில் குழந்தை வைத்தியத்துக்கு அஸ்திவாரமிட்ட டாக்டர் எஸ். டி. ஆச்சார் போன்ற பெரியவர்களும் இதை ஆராய்ந்தவர்களே. ஆயினும் விடை அகப்படவில்லை.

புனே நகரத்துக் கே. இ. எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆனந்த் பண்டிட், டாக்டர் ஷீலா பாவே முதலியோர் இக்குழந்தைகளைத் திரட்டிக் கவனித்து வந்தனர். லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்றே அமைந்த பகுதியைச் சேர்ந்த டாக்டர்கள் அவர்களுடன் சேர்ந்து கொண்டார்கள். இவர்கள் 1979-ல் வெளியிட்ட செய்தி வைத்திய உலகைத் திடுக்கிடச் செய்தது. நோயுற்ற குழந்தைகளின் ஈரலில் செம்பு என்னும் உலோகம் அளவுக்கு மீறிக் குவிந்து கிடந்தது!

செம்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பரிசோதனைச் சாலை விடை கூறவில்லை, சமையலறை கூறிற்று. தாய்ப்பாலை விரைவில் நிறுத்திவிட்டுப் பசும்பாலோ எருமைப் பாலோ கொடுக்கும் வீடுகளில், அந்தப் பாலைப் பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைத்திருக்கும் வழக்கம் இருந்தது. ஈயம் பூசாத பித்தளையிலிருந்தும் செம்புப் பாத்திரத்திலிருந்தும் உலோகம் மெல்ல மெல்லப் பாலில் இறங்கும். பாலிலுள்ள புரதம் அதைப் பற்றிக் கொள்ளும். சிசுவின் ஈரல் இதை வெளியேற்ற வலுவின்றித் தன்னுள் சேர்த்துச் சேர்த்து நாசமாயிற்று. நோயுற்ற குழந்தைகள் என்ன பால் குடித்தார்கள், எந்தப் பாத்திரத்திலிருந்து குடித்தார்கள் என்பதை, நோயில்லாத குழந்தைகளின் வரலாற்றோடு புனே டாக்டர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, 1987-ல் வெளியிட்டனர். பரம்பரையிலும் ஏதோ ஒரு பலவீனம் இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. எனினும் பாத்திரத்தின் பங்கைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர்.

எவர்சில்வரும் அலுமினியமும் அடுப்படிக்கு வந்து, பித்தளையில் பால் காய்ச்சும் வழக்கம் போயிற்று. அதனுடன் நோயும் போயிற்று. நோய் முற்றுமுன் வந்த குழந்தைகளில் பலரை, உடம்பிலுள்ள செம்பைப் பற்றி வெளியேற்றும் பெனிஸிலமைன் என்னும் மருந்தினால் காப்பாற்றவும் முடிந்தது. நம் தேசத்துக்கே உரிய சாபக்கேடு என்றும் இதை எண்ண வேண்டியதில்லை. ஆஸ்திரியா தேசத்து டிரோல் மலைநாட்டில் 1900-க்கும் 1974-க்கும் இடையே 138 குழந்தைகள் இதைப் போன்ற ஈரல் நோயினால் மாண்டனர். அங்கும் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலே காரணம் என்று பிற்பாடு தெரிய வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. சிதறிக் கிடந்த குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்த பிறகே உண்மை துலங்கிற்று. அதேபோல, நோய் முற்றுமுன் அங்கே போய்ச் சேர்ந்த குழந்தைகளுக்கே மருந்து பயன்பட்டது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக் கொண்டு, இன்றைக்கும் நம் குழந்தைகளைப் பறித்துக் கொண்டிருக்கும் மற்றொரு நோயைப் பார்ப்போம்.

பித்தம் ஓடாத ஈரல்

ஈரல் ஓயாமல் பித்தநீரைச் சுரக்கின்றது. நுண்ணிய குழாய்கள் பல ஒன்றுகூடிப் பெரிய குழாயாகி அந்நீரைக் குடலுக்குக் கொண்டு செல்கின்றன. நாம் உண்ணும் கொழுப்பு ஜீரணமாவதற்கு அது வேண்டும். மலத்துக்கு மஞ்சள் நிறம் அளிப்பதும் அதுவே.

பத்தாயிரக்கணக்கில் ஒரு குழந்தைக்கு, பிறந்த சில வாரங்களுக்குள் இந்தப் பித்தக் குழாய் வீங்கித் தழும்பேறி அடைபட்டுப் போகின்றது. ஏன் என்பது இன்னும் வைத்திய சாஸ்திரத்துக்கு முழுவதும் விளங்கவில்லை. ஐரோப்பாவில் 15,000 முதல் 20,000 குழந்தைகளுக்கு ஒன்று இந்நோயுடன் காணப்படுகின்றது. தைவான் போன்ற கீழ்த்திசை நாடுகளில் இதைவிட அதிகம். வெளியேற வழியில்லாத பித்தநீர் ஈரலிலேயே தேங்கி அதை அரிக்கின்றது. சிகிச்சை செய்யாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைக் காண்பதில்லை.

இந்நோயின் கொடுமை அதன் வஞ்சகத்தில் இருக்கின்றது. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் உடம்பு மஞ்சள் பூப்பது சகஜம். அது தானாகவே தணிந்துவிடும். ஆகவே இக்குழந்தையின் மஞ்சளையும் வீட்டார் அப்படியே எண்ணி விடுகின்றனர். இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்கிறார் ஒருவர். கீழாநெல்லி கொடுக்கலாம் என்கிறார் மற்றொருவர். மந்திரித்துப் பார்வை பார்க்கிறவரிடம் அழைத்துப் போகிறார் மூன்றாமவர். குழந்தையோ முதல் மாதத்தில் நன்றாகப் பால் குடிக்கும், எடையும் கூடும், பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும். இப்படிப்பட்ட குழந்தைக்கு நோய் என்று யார் நம்புவார்கள்?

ஆனால் குழந்தையின் துணி பொய் சொல்வதில்லை. பித்தம் இறங்காத குழந்தையின் மலம் மஞ்சள் நிறத்தை இழந்து, வெளிறி, சுண்ணாம்பு போலவோ வெண்களிமண் போலவோ இருக்கும். சிசுவின் சிறுநீர் நிறமின்றி இருக்க வேண்டியது; இக்குழந்தைக்கோ துணியில் மஞ்சட்கறை படியும். நம் வீடுகளில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கின்றது. குழந்தையின் துணியை அலசுகிறவள் பெரும்பாலும் பாட்டிதான். ஆகவே டாக்டருக்கு முன்னால், பரிசோதனைச் சாலைக்கும் முன்னால், இந்நோயைக் கண்டுபிடிக்கக்கூடியவள் அவளே. அவள் அதைப் ‘பால் மாந்தம்’ என்று முடிவு கட்டி வசம்பை உரைத்துக் கொடுத்துவிட்டால், பொன்னான நாட்கள் வீணாகின்றன.

ஸெண்டாய் நகரத்து டாக்டர்

1950-ம் வருஷம் வரையில் இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை என்றே உலகத்து ரண வைத்தியர்கள் பெரும்பாலும் கைவிரித்து வந்தனர். ஜப்பான் தேசத்தில் ஸெண்டாய் நகரத்திலுள்ள தோஹோகு சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் மோரியோ கஸாய் 1955-ல் ஒரு புது முறையைக் கையாண்டார். கெட்டுப்போன பித்தக் குழாய்களை ஈரலின் வாயில் வரையில் அறுத்தெடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டு வந்து அந்த வாயிலிலேயே இணைப்பது அம்முறை. கண்ணுக்குப் புலப்படாத நுண்குழாய்கள் சில அங்கே திறந்திருந்தால், அவற்றின் வழியே பித்தம் கசிந்து குடலில் இறங்கும். அவர் 1959-ல் ஜப்பானிய மொழியில் இதை வெளியிட்டார். மேல்நாட்டார் பல ஆண்டுகள் நம்பவில்லை. 1968-ல் இங்கிலீஷில் எழுதிய பிறகே கவனிக்கத் தொடங்கினார்கள். இன்று உலகமெங்கும் இது கஸாய் ரண சிகிச்சை என்றே வழங்கப்படுகிறது.

இந்தச் சிகிச்சைக்கு ஒரு கெடு உண்டு. குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பித்தம் ஓடும் வாய்ப்பு அதிகம். நாள் செல்லச் செல்ல ஈரல் தழும்பேறுகின்றது, வாய்ப்பு குறைகின்றது. 90 நாட்களுக்குப் பிறகு பலன் பெரும்பாலும் சொற்பமே. நோயுற்ற குழந்தைக்கு இயற்கை அளித்துள்ள தவணை இவ்வளவுதான்.

மூன்றே ஆஸ்பத்திரிகள்

நாள் ஒன்று, கை மற்றொன்று. சிகிச்சை செய்யும் கை பழகிய கையாக இருக்க வேண்டும் என்பதை இங்கிலாந்தின் அனுபவம் நிரூபிக்கின்றது.

அங்கே முதலில் பல ஊர்களிலும் இருந்த ரண வைத்தியர்கள் இச்சிகிச்சையைச் செய்து வந்தனர். நோய் அரிது, ஆகையால் ஒரு டாக்டருக்கு வருஷத்தில் ஒரு குழந்தை வந்தால் அதுவே அதிகம். 1980 முதல் 1982 வரையில் நடந்த சிகிச்சைகளின் பலனைக் கணக்கெடுத்து 1985-ல் வெளியிட்டார்கள். வருஷத்துக்கு ஐந்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரிகளில் பலன் சிறப்பாகவும், எப்போதோ ஒன்று செய்த இடங்களில் குறைவாகவும் இருந்தது தெரிந்தது. அங்கே செய்தவர்களும் படித்தவர்களே, திறமைசாலிகளே. ஆயினும் வருஷத்துக்கு ஒரு முறை வீணையைத் தொடுகிறவர் கச்சேரி செய்ய முடியுமா?

விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஏழைத் தாய் வெகுதூரம் பிரயாணம் செய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் பிழைக்கும் வாய்ப்புக் குறைவென்றால், அந்த அருகாமையினால் தாய்க்கு என்ன லாபம்? கடைசியில் 1999-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து லண்டன் கிங்ஸ் காலேஜ், பர்மிங்ஹாம், லீட்ஸ் ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே இச்சிகிச்சை நடைபெற வேண்டுமென்று ஏற்பாடாயிற்று. அதன்பின் 1999 முதல் 2002 வரையில் வந்த 148 சிசுக்களின் வரலாறு 2004-ல் வெளியாயிற்று. கஸாய் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 57 பேருக்குக் காமாலை நீங்கியது. ஈரல் மாற்றும் சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தமையால், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உயிருடன் இருந்தோர் 100-க்கு 89 பேர். ஒரு காலத்தில் சாவு நிச்சயம் என்று கருதப்பட்ட நோய் இது!

தனி ஆஸ்பத்திரி என்பது ஒரு ரண வைத்தியரின் கையை மட்டும் குறிப்பதன்று. ஊசியால் எடுத்த ஈரல் துணுக்கைப் பூதக் கண்ணாடியில் வைத்துப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். பித்தமில்லாத குடலுக்கு ஏற்ற உணவை அறிந்தவர் வேண்டும். நம் தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் ஒருவகைக் கொழுப்பு பித்தத்தின் துணையின்றியே ஜீரணமாகும். இக்குழந்தைகளுக்கு அதுவே அன்னம். ஏ, டி, ஈ, கே என்னும் விடமின்களைத் தனியே கொடுக்காவிடில் எலும்பு மெலியும்; மூளையில் இரத்தக் கசிவு உண்டாகி, ரண சிகிச்சைக்கு முன்பே குழந்தை போய்விடவும் கூடும். இத்தனை அறிவும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் ஒரு சிசு பிழைக்கும்.

நோயின் பெயர்

காமாலையுடன் வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் குழாய் அடைப்பென்று எண்ணிவிடலாகாது. எந்த நோய் என்று பெயர் சொல்வதே இத்துறையில் பாதி வைத்தியம். காலக்டோஸீமியா என்பது ஒரு நோய். அது உள்ள குழந்தைக்குப் பாலிலுள்ள சர்க்கரையே விஷமாகி ஈரலைக் கெடுக்கும். தாய்ப்பாலை அமிர்தம் என்கிறோம். இக்குழந்தைக்கு மட்டும் அதுவும் ஆகாது. சரியான நேரத்தில் கண்டுபிடித்துப் பாலை நிறுத்தினால் ஈரல் தேறிவிடும். டைரோஸினீமியா என்ற மற்றொரு நோய்க்கு, களைக்கொல்லியாக ஆராயப்பட்ட ஒரு பொருள் மருந்தாகப் பயன்படுகிறது. வில்ஸன் நோயில் குழந்தை சற்று வளர்ந்த பிறகு ஈரலில் செம்பு சேர்கின்றது. அதற்குப் பெனிஸிலமைன் மருந்தை 1956-ல் கண்டு கூறியவர் டாக்டர் ஜான் வால்ஷ். பின்னாளில் புனே குழந்தைகளைக் காத்ததும் அதே மருந்துதான்.

இம்மூன்றும் பெற்றோர் இருவரிடமிருந்தும் வருகின்ற பரம்பரை நோய்கள். நெருங்கிய இரத்த சம்பந்தமுள்ளவர்கள் மணம் செய்து கொண்டால் இவை தலைகாட்டும் வாய்ப்பு அதிகம். தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பதையும், அத்தை மகளைக் கட்டுவதையும் உரிமையென்று பாராட்டும் நம் தமிழ்க் குடும்பங்கள் இதைச் சிறிது சிந்திக்க வேண்டும். பித்தக் குழாய் அடைப்பு இவ்வகையைச் சேர்ந்ததன்று. அதற்காகத் தாயையோ, அவள் வீட்டு வழியையோ குறை கூறுவது பெரும் பாவம்.

ஈரலில் ஒரு பங்கு

கஸாய் சிகிச்சை பலிக்காத குழந்தைகளுக்கும், பலித்தும் பிற்காலத்தில் ஈரல் கெட்டவர்களுக்கும் மாற்று ஈரல் ஒன்றே வழி. அமெரிக்காவில் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸ்ல் 1963-ல் உலகிலேயே முதன்முதலாக மனிதனுக்கு ஈரல் மாற்றிப் பார்த்தார். அந்த நோயாளி, பித்தக் குழாய் அடைப்புள்ள மூன்று வயதுக் குழந்தை. இரத்தம் நில்லாமல் பெருகி, மேஜையிலேயே உயிர் பிரிந்தது. அவர் மனந்தளராமல் முயன்று 1967-ல் வெற்றி கண்டார்.

சிறு குழந்தைக்குப் பொருந்தும் சிறிய ஈரல் கிடைப்பது அரிது. ஈரலுக்கு ஓர் அற்புத குணம் உண்டு: வெட்டினால் மீண்டும் வளரும். ஆகவே உயிருள்ளவரின் ஈரலில் ஒரு பங்கை எடுத்துக் குழந்தைக்கு வைக்கலாம் என்று எண்ணினார்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் 1989-ல் ஒரு ஜப்பானியத் தாய் தன் மகனுக்கு இவ்விதம் தானம் செய்தாள். இந்த முறையில் முதலில் வெற்றி கண்டது அதுவே.

நம் தேசத்தில் 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 1998 நவம்பரில் டில்லி அப்பல்லோ ஆஸ்பத்திரியில், தமிழ் நாட்டிலிருந்து சென்ற 20 மாதக் குழந்தைக்கு அதன் தந்தையின் ஈரலில் ஒரு பங்கை வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்குச் செய்த ஈரல் மாற்று வெற்றியடைந்தது அதுவே முதல் தடவை. அதுவும் பித்தக் குழாய் அடைப்புடன் பிறந்த குழந்தைதான். அக்குழந்தை வளர்ந்து, படித்து, தானே டாக்டராக வெளிவந்திருக்கிறார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு நிறைகின்றது.

அதற்கு முந்திய வருஷம், 1997-ல், லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் பிறந்து ஐந்தே நாளான சிசுவுக்கு ஈரல் மாற்றியவர் ஒரு தமிழர்: மயிலாடுதுறைக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்த டாக்டர் முகமது ரேலா. அவர் தாய்நாடு திரும்பிச் சென்னையிலேயே பணி செய்கிறார். கிங்ஸ் காலேஜுக்கும் புனேக்கும் 1979-ல் ஏற்பட்ட தொடர்பு போலவே, அங்கே பழகிய கை இங்கே நம் குழந்தைகளுக்குப் பயன்படுகிறது. தமிழ் நாட்டில் 2008 முதல் இறந்தோரின் உறுப்புத் தானத்தை அரசாங்கமே ஒழுங்குபடுத்தி நடத்துகின்றது. ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்திலும் இடம் உண்டு.

ஆனால் மாற்று ஈரல் பெற்ற குழந்தை ஆயுள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். தானம் செய்யும் தாயோ தந்தையோ தாமும் கத்திக்கு உட்பட வேண்டும். குழந்தை தன் சொந்த ஈரலோடு எவ்வளவு காலம் வாழ முடியுமோ, அவ்வளவு காலம் வாழ்வதே மேல். அதற்கு மீண்டும் அந்த 60 நாள் தவணைக்கே வந்து சேருகிறோம்.

தைவான் காட்டிய வர்ணச் சீட்டு

நாள் கடத்தாமல் குழந்தையைக் கொண்டு வரச் செய்வது எவ்வாறு? தைவான் தீவினர் இதற்கு ஓர் எளிய உபாயம் செய்தனர். மலத்தின் நிறங்களை வரிசையாக அச்சிட்ட ஒரு சீட்டைக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் சேர்த்து, 2004 முதல் நாடெங்கும் எல்லாத் தாய்மார்களுக்கும் கொடுத்தனர். இன்ன நிறமாயிருந்தால் கவலையில்லை. இன்ன நிறமாயிருந்தால் உடனே தெரிவிக்கவும் என்பது ஏற்பாடு. எழுத்தறியாதவளும் நிறத்தை அறிவாளல்லவா? 60 நாட்களுக்குள் கஸாய் சிகிச்சை பெற்ற குழந்தைகள் 2004-ல் 100-க்கு 60. அடுத்த வருஷமே 74. காமாலையின்றித் தம் சொந்த ஈரலோடு ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவர்கள், சீட்டு வருமுன் 100-க்கு 27, வந்தபின் 64. ஒரு துண்டுக் காகிதம் செய்த வேலை இது!

நம் வீட்டுக் கணக்கு

நம் மாகாணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ் நாட்டில் வருஷந்தோறும் எட்டு ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. 15,000-க்கு ஒன்று என்று வைத்துக் கொண்டாலும், சுமார் 60 குழந்தைகள் இந்நோயுடன் பிறக்கக்கூடும். இவர்களை 38 ஜில்லாக்களில் பரப்பினால், ஒரு ஜில்லாவுக்கு வருஷத்தில் ஒன்றோ இரண்டோதான். ஜில்லா முழுவதிலும் உள்ள டாக்டர்களில் ஒருவர் தம் ஆயுளில் ஒரு முறை பார்த்தாலும் பார்க்கலாம், பாராமலும் போகலாம். ஆகவே அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் அந்த 60 குழந்தைகளும் ஓரிரண்டு இடங்களுக்கு வந்து சேர்ந்தால், அங்கே மாதந்தோறும் பழகும் கைகள் உண்டாகும்.

அத்தகைய இடங்கள் நம்மிடம் இல்லாமலில்லை. சென்னை எழும்பூரில் அரசாங்கக் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கின்றது; வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கின்றது; டில்லியில் ஈரல் நோய்க்கென்றே ஒரு ஸ்தாபனம் எழுந்துள்ளது. இருந்தும் நம் குழந்தைகள் பலர் மூன்று மாதம், நான்கு மாதம் கழிந்த பின்னரே அவற்றின் வாசலை மிதிக்கின்றனர். ஆஸ்பத்திரி இருந்தும் வழி தெரியவில்லை. வழி தெரிந்தபோது நாள் இல்லை.

ஒன்றரை மாதத்தில் தடுப்பு ஊசிக்காக அநேகமாக எல்லாக் குழந்தைகளும் கிராமத்துச் செவிலியரிடம் வருகின்றனர். 60 நாள் தவணையில் அது ஏறக்குறைய 42-வது நாள். அன்றைக்கு அவள் தாயைப் பார்த்து, ‘குழந்தைக்கு வெளிக்கு என்ன நிறமாய்ப் போகிறது?’ என்று ஒரு கேள்வி கேட்டு, நிறச் சீட்டையும் காட்டினால், அதற்குச் செலவு ஒன்றுமில்லை. சந்தேகமுள்ள குழந்தையை ஊர் ஊராக அலையவிடாமல் நேரே தனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அதிகாரமும் அவளுக்கு வேண்டும். சுதந்தர தேசத்தின் சர்க்கார் இதைச் செய்ய முடியாதென்று யார் சொல்வார்கள்?

சர்க்கார் செய்வதைச் செய்யட்டும். வீட்டார் செய்ய வேண்டியதும் உண்டு. பிறந்து 14 நாட்கள் ஆகியும், குறைமாதக் குழந்தையாயின் 21 நாட்கள் ஆகியும் மஞ்சள் தணியாவிட்டால், வெயிலையும் வேரையும் நம்பி இராமல் டாக்டரிடம் செல்ல வேண்டும். இரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சட் பொருள் இரு வகையாய் இருக்கும். ஈரல் பக்குவப்படுத்திய வகையை, அதாவது டைரக்ட் பிலிருபினை, தனியே அளந்து சொல்லும்படி கேட்க வேண்டும். அது மிகுந்திருந்தால் குற்றம் ஈரலிலோ குழாயிலோ என்று உணரலாம். மலம் வெளிறியிருந்தாலோ, சிறுநீர் துணியில் கறை பிடித்தாலோ, தொப்புளிலோ உடம்பிலோ காரணமின்றி இரத்தம் கசிந்தாலோ 14 நாள்கூடக் காத்திருக்கலாகாது. சந்தேகமிருந்தால் கறை படிந்த துணியை மறைக்காமல் டாக்டரிடம் எடுத்துக் காட்டுங்கள். அதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

ஈரல் குலைக்கட்டியை நம் தாய்மார்கள் வென்றார்கள். பாத்திரத்தை மாற்றியதே அவர்கள் ஆயுதம். இந்த நோயை வெல்ல அவர்களுக்கு வேண்டியது கூர்ந்து பார்க்கும் கண்ணும், பார்த்ததைக் காலத்தில் சொல்லும் வாயும் மட்டுமே. மற்றதைச் செய்யப் பழகிய கைகள் காத்திருக்கின்றன. அக்குழந்தைக்குக் கிடைத்திருப்பது அறுபதே நாட்கள். அவற்றில் ஒரு நாளையேனும் நம் அசட்டையினால் நாம் பறித்துக் கொள்ளலாகாது.